வீட்டுக்கு ஒரு மொடக்கு

வைத்தியர் சென்னியப்பன் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர், என் கிளினிக்குக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் சலீம் பாய். சித்திரை மாதத்து வியாழக்கிழமை, காலை எட்டேகால் மணி. நான் அப்போதுதான் பையை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டிருந்தேன். பாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "டாக்டரம்மா, நம்ம வைத்தியர் விடியக்காலம் தவறிட்டாருங்க. இப்பத்தான் அவரு மருமகன் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணுனாருங்க" என்றார்.

நான் அழவில்லை. உட்காரவும் இல்லை. "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சார்னு கேட்டீங்களா?" என்றேன்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு வருடமாக என் சீட்டுகளைப் படித்து மருந்து கொடுத்துப் பழகியவர். என் கிறுக்கல் புரியும் அவருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. "என்னங்கம்மா கேக்கறீங்க? மனுசரு போயிட்டாருங்க" என்றார் மறுபடியும், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தவராக.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வைத்தியரைப் பற்றி அவரை அறிந்தவர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதித் தொகுக்கலாம் என்று நீங்கள் கேட்டபோது, மற்றவர்களைப் போல நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். எனக்கு அது முடியவில்லை. எழுதி முடிப்பதற்குள் எனக்கே ஏதாவது தெளியும் என்று நம்பித் தொடங்குகிறேன். தெளியாவிட்டால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரே கட்டடத்தில் மாடியில் நான் இங்கிலீஷ் வைத்தியம், கீழே பின்பக்கத்து அறையில் அவர் ஆயுர்வேதம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, டிவிஎஸ் ஐம்பது, அதன் முன்னால் தொங்கும் காக்கிப் பை. செவ்வாயும் சனியும் அறையில் இருக்க மாட்டார். நடக்க முடியாதவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போய்விடுவார்.

ஒரே கட்டடத்தில் இரண்டு வைத்தியம் இருந்தால் ஜனங்கள் இரண்டையும் பார்க்காமல் போக மாட்டார்கள். நான் எழுதிய சீட்டைக் கீழே இறங்கும்போது அவரிடம் காட்டி, "இது சரிங்களா?" என்பார்கள். அவர் கொடுத்த கசாயப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, "இதைக் குடிக்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நாங்கள் இருவரும் மோதிக்கொண்டது மருந்தைப் பற்றி அல்ல. பதினோரு வருடமும் தண்ணீரைப் பற்றித்தான்.

முதல் மோதல் ஒரு பவுண்டரித் தொழிலாளியால் வந்தது. உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை அவருக்கு. சிறுநீரகத்தில் கல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலிக்கு மருந்து எழுதி, கடைசி வரியில் வழக்கம்போல 'தினம் மூன்று லிட்டர் தண்ணீர்' என்று போட்டேன். கால் மணி நேரத்தில் வைத்தியர் அந்தச் சீட்டோடு மாடியேறி வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு லிட்டர்னு எழுதியிருக்கீங்க. யாரோட மூணு லிட்டருங்க இது?"

"கல்லு வந்த எல்லாருக்கும் அதுதான்" என்றேன். எனக்கு அப்போது நோயாளிகள் கூட்டம் வேறு.

"இவரு ஒலைக்கு முன்னால நிக்கறவருங்க. மூணு லிட்டரும் மத்தியானத்துக்குள்ள சட்டையிலயே போயிருமுங்க. அப்பறம் கல்லைக் கரைக்க என்ன இருக்கும்? ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கறவருக்கும் இதே மூணுதானுங்களா?"

ஆயுர்வேதம் படித்தவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். கண்டபடி தண்ணீர் குடித்தால் வயிற்றின் அக்னி அணைந்துவிடும் என்பதுதானே அவர்கள் கட்சி? இவர் கூட்டச் சொல்லி வந்து நிற்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முகத்தில் அடித்த மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அதிலும் முக்கியமாக இருப்பது எவ்வளவு குடிக்கிறார் என்பதல்ல, எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதுதான். மூன்று லிட்டர் என்பது எழுத வசதியாக நான் பிடித்து வைத்துக்கொண்ட அளவு. மறுநாளிலிருந்து பவுண்டரிக்காரர்களுக்கு 'சிறுநீர் வெளுப்பாகப் போகும்வரை குடிக்கவும்' என்று எழுத ஆரம்பித்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சலீம் பாய் சொல்லியிருப்பார்.

தொண்ணூற்றிரண்டோ மூன்றோ, ஊரெல்லாம் ஒரு ஜெராக்ஸ் நோட்டீஸ் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். விடிந்ததும் பல் துலக்காமல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தால் சர்க்கரை முதல் மூலம் வரை எல்லாம் தீர்ந்துவிடும் என்று போட்டிருந்தது. படித்தவர் பத்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் அதை நம்பி மூச்சுவிடாமல் குடித்து, வாசலிலேயே வாந்தியெடுத்து, என்னிடம் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். இதைப் பற்றி ஜனங்களுக்கு விளக்கச் சொல்லி ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் இருவரையும் மேடையேற்றினார்கள்.

சிறுநீரகம் தண்ணீரைச் சேர்த்து வைக்காது, அதிகமாக வந்ததை வெளியே தள்ளும், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் இப்படிக் குடித்தால் ஆபத்து என்று நான் பேசினேன். அடுத்து வைத்தியர். என் கட்சியையே பேசுவார் என்று பார்த்தால், "விடியக்காலத்துல தண்ணி குடிக்கறது எங்க நூல்லயும் இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "ஆனா லிட்டர்ல இல்லீங்க. அவங்கவங்க கையை அள்ளற மாதிரி வெச்சு, அந்தக் கையாலதான் அளவு. சின்னக் கைக்காரருக்குச் சின்ன அளவு. செரிமானம் கெட்டவங்களுக்கு அதுவும் இல்லீங்க."

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "அப்பக் குடிக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். நான் "வேண்டாம்" என்றேன். அதே நொடியில் அவர் "குடிக்கலாமுங்க" என்றார். சபை சிரித்தது. ஒருவரையொருவர் மதிக்க வேண்டுமே என்று நான் உடனே "குடிக்கலாம்" என்று திருத்த, அவரும் அதே மரியாதையில் "டாக்டரம்மா சொன்னா வேண்டாமுங்க" என்றார். அந்த அம்மா, "ரெண்டு பேரும் சேந்து எங்களக் கொழப்பிப்போட்டீங்க. நா ஊட்டுக்குப் போயித் தாகம் எடுத்தாக் குடிச்சுக்கறேன், போங்க" என்று உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த மண்டபத்துல வைத்தியம் தெரிஞ்சவங்க அந்த அம்மா ஒருத்தருதானுங்க" என்றார். வீடு திரும்பும்போது நான் மேடையில் என்னதான் சொன்னேன் என்பது எனக்கே நிச்சயமில்லை.

கொதிக்கவைப்பதிலும் இப்படித்தான். மஞ்சள் காமாலை பரவிய வருடம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகச் சொன்னோம். நான் சொன்னது கிருமி சாவதற்காக. நன்றாகத் தளதளவென்று கொதித்தால் போதும். அவரோ பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வேண்டும், சில உடம்புக்கு இன்னும் சுண்ட வேண்டும், காலையில் கொதிக்கவைத்ததை மறுநாள் தொடக்கூடாது என்பார். "கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோகும். கிருமி ஒருமுறைதான் சாகும்" என்றேன். "கிருமிக்காக இல்லீங்க, தண்ணி லேசாகறதுக்கு" என்றார். தண்ணீர் எப்படி லேசாகும்? எடை போட்டுப் பார்ப்போமா என்று கேலி செய்தேன். ஒருநாள் அவர் வீட்டில் அந்தச் சுண்டிய தண்ணீரைக் குடித்தபோது அது தொண்டையில் தங்காமல் இறங்குவதாக எனக்குத் தோன்றியது. அது சிறுவாணித் தண்ணீரின் ருசியா, அன்றைய வெயிலா, அவர் சொன்னது காதில் இருந்ததாலா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு என் வீட்டு அடுப்பிலும் தண்ணீர் கொஞ்சம் அதிக நேரம் கொதிக்கிறது. இதையும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத விஷயம். இரண்டு வருடத்துக்கு முன், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி மூச்சு வாங்கிய ஒரு பெரியவரைப் பார்த்துவந்தேன். இந்த நோயில் தண்ணீர் உடம்பில் தேங்கும், நுரையீரலில் ஏறும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். அவருக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்று சொல்லியிருந்தேன். வீக்கம் வடியவில்லை. துருவிக் கேட்டதில், தண்ணீர் ஒரு லிட்டர்தான், ஆனால் மோர் தனி, காப்பி தனி, ரசம் தனி என்று தெரிந்தது. வைத்தியர் ஏதோ வேலையாக மாடிக்கு வந்திருந்தார். அவர் எதிரிலேயே அந்தப் பெரியவரை விளாசினேன். "மோரும் தண்ணிதான். காப்பியும் தண்ணிதான். மாத்திரை முழுங்கற ஒரு மொடக்கும் தண்ணிதான். ஒரு லிட்டர்னா ஒரு லிட்டர். ஒரு மொடக்கு கூடுனாலும் அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க" என்றேன். பெரியவர் தலைகுனிந்து போனார். அடுத்த மாதம் அவர் வீக்கம் வடிந்திருந்தது. நான் வைத்தியரிடம் ஜெயித்துவிட்ட மாதிரி, "பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "பார்த்தனுங்க" என்றார்.

போன மார்கழியில் வைத்தியரே மாடியேறி வந்து, இந்த முறை கதவுக்கு வெளியில் நிற்காமல், நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"நீங்களே உங்களுக்குப் பார்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டேன், பழைய சண்டைக்காரியாகவே.

"என் நோவை நானே பாத்தா எனக்குச் சாதகமாத்தானுங்க பாப்பேன்" என்றார்.

எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் தசை பாதிக்குமேல் தளர்ந்திருந்தது. நகரத்து இதய மருத்துவர் மாத்திரைகள் எழுதினார். மாதாமாதம் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நீர் பிரியும் மாத்திரை, உப்புக் குறைப்பு, தினம் காலையில் எடை, நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். யாரோட ஒரு லிட்டருங்க என்று கேட்பார் என்று தயாராக இருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"சண்டை போடலையா?" என்றேன்.

"அடக்கக் கூடாததுன்னு எங்க நூல் ஒரு பட்டியல் சொல்லுதுங்க. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம். அதுல தாகமும் உண்டுங்க" என்றார். பிறகு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆனா இது உங்க சீட்டுங்க. உங்க சீட்டுப்படியே நடக்கறேனுங்க."

"இந்த நோயில் தாகம் பொய் சொல்லும். உடம்பில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கும்போதே நாக்கு வறளும்" என்றேன். அது உண்மை. இன்றைக்கும் மருத்துவம் அதைத்தான் சொல்கிறது. அவர் தலையாட்டினார். நான் சொன்னதை நம்பித் தலையாட்டினாரா, மரியாதைக்குத் தலையாட்டினாரா தெரியாது. எங்கள் பக்கத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அவர்தான் என் நல்ல நோயாளி. கால் வீக்கம் வடிந்தது. மூச்சு சீரானது. எடை படிப்படியாக இறங்கியது. செவ்வாய், சனி மறுபடி வண்டியை எடுத்தார். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நடமாட்டம் நல்லதென்று நினைத்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து, அவர் போவதற்கு ஐந்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வருட வெயில் உங்களுக்கே தெரியும். தார் ரோடு செருப்பில் ஒட்டியது. வைத்தியர் சுற்று முடித்துவிட்டு வந்து கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அவர் மனைவி தெய்வானை அக்கா, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, "வாங்க அம்மணி, தண்ணி குடிங்க" என்றார். நம் ஊரில் வீட்டுக்குள் வருகிறவர் யாரானாலும் முதல் வார்த்தை இதுதானே. வேண்டாமென்று சொன்னால் அந்த வீட்டையே வேண்டாமென்று சொன்ன மாதிரி.

நான் எடைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியிருந்தது. "பேஷ்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். பிறகு சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தேன். குடித்துக்கொண்டே பார்த்தால், வைத்தியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி குடித்துக் கீழே வைத்த பிறகும் அவர் கண் அதிலேயே இருந்தது.

"என்ன வைத்தியரே, சொம்பு மேலயே கண்ணா இருக்கீங்க? இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுதா?" என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "மத்தியானமே முடிஞ்சு போச்சுங்க" என்றார். உதடு வெடித்திருந்ததை அப்போது கண்டேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பவுண்டரிகளைப் பற்றியும் தண்ணீர் லாரி வராததைப் பற்றியும் பேசிவிட்டு, மீதித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை மயக்கமாகி விழுந்தவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. வியாழன் காலை பாய்தான் சொன்னார். அடக்கம் முடிந்து நான்காம் நாள் துக்கம் கேட்கப் போனேன். அன்றுவரை போக எனக்குக் கால் வரவில்லை.

தெய்வானை அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் வாங்க என்று யாரும் சொல்வதில்லை, வந்தவர் போய்வருகிறேன் என்றும் சொல்வதில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் டாக்டர் கேட்கிற மாதிரியே கேட்டுத் தொலைத்தேன்.

"அக்கா, வயிறு கியிறு ஏதாவது போச்சா? தண்ணி எவ்வளவு குடிச்சாரு?"

"வவுறெல்லாம் ஒண்ணும் போகலைங்க அம்மணி. வேர்வைதான். சட்டை பிழியற மாதிரி வேர்வை." அக்கா அழாமல் பேசினார். "தண்ணிக்கு நீங்க சொன்ன கணக்குத்தானுங்க. காத்தால ஒரு லிட்டர் பாட்டில்ல புடிச்சு வெச்சுருவேன். அன்னிக்குப் பூராம் அதுதான். ஆனா ஊரு ஊரா போவாரே, போற ஊட்டுலயெல்லாம் சொம்பை நீட்டுவாங்க. வேண்டான்னு சொல்ல முடியுமுங்களா? வீட்டுக்கு ஒரு மொடக்கு குடிச்சுப்போட்டு வருவாரு. பத்து வீடு போனாப் பத்து மொடக்கு. ஊட்டுக்கு வந்ததும் நேரா பாட்டிலை எடுத்து, அந்தப் பத்து மொடக்கையும் கறிவேப்பிலைக்கு ஊத்திப்போடுவாரு. அதும் தண்ணிதான்னு நீங்க சொன்னீங்களாமா."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்கட்டில் அந்தச் செடி தெரிந்தது. சித்திரை வெயிலில் தெருவில் வேப்ப மரமே வாடி நிற்க, அது மட்டும் கரும்பச்சையாகத் தளதளத்து நின்றது.

"கொளுத்தற வெயிலுங்க, இன்னுங் கொஞ்சம் குடிச்சா என்னன்னு கேட்டனுங்க. டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டாவது வாங்கன்னேன். 'பதினோரு வருசத்துல அந்தம்மா எனக்குன்னு எழுதுன சீட்டு இது ஒண்ணுதான். அதுலயும் போயிக் கொறை சொன்னா நல்லாருக்குமா?'ன்னு கேட்டாருங்க."

மார்கழியில் எழுதிய ஒரு லிட்டர், சித்திரையிலும் அதே ஒரு லிட்டராக இருந்தது. வெயில் ஏறும்போது அதைக் கூட்ட வேண்டும், நீர் பிரியும் மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வேறு யாராக இருந்தாலும் வைத்தியர் மாடியேறி வந்து, எந்த மாசத்து ஒரு லிட்டருங்க இது என்று கேட்டிருப்பார். நான் திட்டிக்கொண்டே மாற்றியிருப்பேன். தனக்காக அவர் மாடியேறவில்லை. இறங்கிய எடையைப் பார்த்து நான் பேஷ் போட்டேன்.

ஆஸ்பத்திரி மருத்துவரிடம் பேசினேன். "இதயம் ஏற்கெனவே அவ்வளவு மோசம் மேடம், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும்" என்றார். உடம்பில் நீர் வற்றியிருந்ததா என்று கேட்டேன். "கொஞ்சம் இருந்தது. அதனால்தான் என்று சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றார். அவர் நேர்மையாகப் பேசினார். நானும் யாருக்காவது இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் சொல்லப்பட்டபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் நான்தான் காரணம் என்று உறுதியாகத் தோன்றுகிறது. அன்று சாயங்காலமே, தண்ணீரைத் தாராளமாக விட்டிருந்தால் மாசியிலேயே மூச்சுத் திணறிப் போயிருப்பார் என்று படுகிறது. இரண்டும் என் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் புத்தகத்திலும் இரண்டும் இருக்கும். சேர்ந்து உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்திருப்போம், அவர் இருந்தால்.

துக்கம் கேட்டுவிட்டு நான் எழுந்தபோது தெய்வானை அக்காவும் எழுந்தார். உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். எழவு வீட்டில் இப்படி யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"குடிங்க அம்மணி" என்றார். "கணக்கு வேண்டாங்க. எவ்வளவு வேணுமோ குடிங்க."

அது பாதியாகச் சுண்டிய தண்ணீர். அவர் இல்லாத வீட்டிலும் அக்கா அப்படியே சுண்டவைத்துக்கொண்டிருக்கிறார். என்னை மன்னித்துக் கொடுத்தாரா, குத்திக்காட்டிக் கொடுத்தாரா என்று அந்த முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதானோ என்னவோ. முழுச் சொம்பையும் நின்ற இடத்திலேயே குடித்து முடித்தேன். போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினேன்.

வைத்தியரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். அவருடைய நூல்களை மருமகன் எடுத்துக்கொண்டார். காக்கிப் பையைப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு மிஞ்சியது, கீழ்த்தள அறையில் வருகிறவர் எல்லோரிடமும் நாடி பிடிக்கும் முன்னால் அவர் கேட்கிற ஒரு கேள்வி. மாடிப்படியில் ஏறி இறங்கும்போது ஆயிரம் தடவை என் காதில் விழுந்திருக்கிறது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று நான் கேட்பேன். அவர், "தாகமா இருக்குதுங்களா?" என்று கேட்பார்.

இந்த ஒரு மாதமாக வருகிற எல்லோரிடமும் அதைக் கேட்கிறேன். கல் வந்தவரிடம், காய்ச்சல்காரரிடம், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்த தாயிடம். ஆமாம் என்றால் அடுத்து என்ன எழுதுவது என்று பல நேரம் எனக்குத் தெரிவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், என் கையிலிருந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நான் அதைக் கேட்கவில்லை.